நோட்டீஸ் சார் வலம் வந்தார்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: கல்லூரி முதல்வர், வாட்ச்மேன், ஒரு ஏட்டு, பெரிய வகுப்பு ஒன்றை நிரப்பும் அளவுக்கு மாணவர்கள், கேட்டுக்கு வெளியே என் டீக்கடை பெஞ்சில் மலர், அப்புறம் நான். மாணவர்கள் என் கடை வாசலில் கழற்றிப்போட்ட செருப்பில் ஒன்று தொலைந்தாலும் என் தலைதான் உருளும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

முதல்வரை ஊரே நோட்டீஸ் சார் என்றுதான் சொல்லும். திருவண்ணாமலையில் பெய்யும் மழையைக்கூட நோட்டீஸ் ஒட்டி நிறுத்தியிருப்பார். பசை நனையுமே என்று விட்டுவைத்தார். எட்டாவதோடு நின்ற எனக்கு வாசிப்பு மறக்காமல் இருந்தது அவர் புண்ணியம்.

ஹாஸ்டலில் குடிக்கத் தண்ணீர் கேட்ட மலரை சஸ்பெண்ட் செய்து, ஹால் டிக்கெட்டைப் பூட்டிவைத்தார். திங்கட்கிழமை பரீட்சை. அடி அண்ணாமலையில் மல்லாட்டைப் பயிர் போடும் அவள் அப்பா, "இந்த வருசம் எழுதலன்னா படிப்பு அவ்ளோதாம்மா" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்காக மாணவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். உட்காரக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. எழுந்து நின்றார்கள். நிற்கக் கூடாது. கோஷம் யாரும் போடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் ஒன்று.

மறுநாள் நடந்தார்கள். வெறுங்காலோடு, வாய் திறக்காமல், கட்டடத்தை வலமாகச் சுற்றினார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டார். "சுத்தி வர்றவங்கள மடக்குனா எங்க வூட்ல சோறு போட மாட்டாங்க சார்."

சார் தானே பின்னால் ஓடினார். "நில்லுங்கடா!"

நிற்கத்தான் தடை இருக்கிறதே. நடந்துகொண்டே இருந்தார்கள்.

"எதிர்ப்பக்கமா போனா மடக்கிடலாம் சார்" என்றார் வாட்ச்மேன்.

"யோவ், இந்த ஊர்ல பொறந்தவன்யா நானு. இடமா சுத்தச் சொல்றியா?"

வலமாகவே துரத்தினார். இரண்டாவது சுற்றில் ஷூவையும் கழற்றினார். மூன்றாவது சுற்றில், பாவம், அவருக்காக மாணவர்களே வேகத்தைக் குறைத்தார்கள். ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி எட்டிப்பார்த்த கண்டக்டர் சொன்னார்: "பிரின்ஸ்பாலே போராட்டத்துல இறங்கிட்டாருப்பா."

சார் என் பெஞ்சில் வந்து விழுந்தார். "தண்ணி குடுய்யா."

கடையைத் தூக்கிவிடுவாரோ என்று குடத்தைக் கவிழ்த்தே காட்டினேன். "கொடம் காலிங்க சார். ஹாஸ்டல் புள்ளைங்கதான் வந்து குடிச்சிட்டுப் போவுதுங்க."

மலர் தன் பாட்டிலை நீட்டினாள். கடைசிச் சொட்டு வரை குடித்தார். காலி பாட்டிலைக் கவிழ்த்து ஒரு தடவை உதறிப் பார்த்தார். பிறகு சாவியை வாட்ச்மேனிடம் எறிந்தார். "இந்தப் பொண்ணு ஹால் டிக்கெட்ட எடுத்துட்டு வா. தண்ணி லாரிக்கும் சொல்லு."

மறுநாள் புது நோட்டீஸ்: 'வலம் வருவோர் மெதுவாக வரவும்.'

சார் மாற்றலாகிப் போன அன்று, பெட்டியை என் கடையில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி கல்லூரியை ஒரு சுற்று சுற்றினார். வெயில் ஜாஸ்தி. எங்கே மயங்கி விழுந்துவிடுவாரோ என்று, தண்ணீர்ச் சொம்போடு நானும் பின்னாலேயே போனேன்.