எங்கள் ஊர் மொச்சையும் என் மகளின் டாக்டர் பட்டமும்

வடகரப்பதி,
12-11-1974

நல்லேப்பிள்ளி மாப்பிள்ளை சென்னிமலை அவர்களுக்கு, உங்கள் மச்சான் மொச்சை வியாபாரம் குப்பண்ணன் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமும் தங்கை காளியாத்தாளின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் மாரப்பனுக்கும் என் மகள் சரஸ்வதிக்கும் பேசிய தை மாதக் கல்யாணத்துக்காக அவளைக் கூட்டிவரப் பெங்களூர் போனேன். அவளை யுனிவர்சிட்டியிலேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிவிட்டேன். மாரப்பன் இன்னும் இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும். குற்றம் பெண்ணுடையது அல்ல, என்னுடையது.

அவள் படிக்கும் பயோகெமிஸ்ட்ரி என்பது இன்னதென்று எனக்கு அதுவரை தெரியாது. போனதும் ஒரு குளிரறைக்குள் கூட்டிப்போனாள், மார்கழி விடியலைக் கட்டிப் பூட்டி வைத்ததுபோல் இருக்கிறது, நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டேன், அவளோ கம்பளிச் சட்டையில் ஒரு கண்ணாடிக் குழாய் முன்னால் உட்கார்ந்து அதிலிருந்து சொட்டும் மொச்சைப் புரதத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிடிக்கிறாள், ஒரு சொட்டு தவறினால் முதலிலிருந்து ஆரம்பமாம். "ஏனம்மிணி, மூணு கிலோ மொச்சை போட்டா எத்தன கெடைக்கும்?" என்றேன். "முப்பது மில்லிகிராம் கெடைச்சா அதிர்ஷ்டமுங்கப்பா" என்றாள். இருபத்தெட்டு வருஷமாக யாவாரம் பண்ணுகிற நான் இப்படி ஒரு சேதாரத்தைக் கண்டதில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கிற நெஞ்சு எனக்கில்லை, மலைத்துப்போனேன்.

அவளுடைய புரொபசர் யக்ஞநாராயணன் நம் கல்பாத்திக்காரர். என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார். "வாங்கோ, உக்காருங்கோ. மத்த ஊர் மொச்சையில இல்லாத ஒரு புரதம் உங்க ஊர் மொச்சையில மாத்திரம் இருக்கு. எட்டு மாசமா உங்க பொண்ணு விடாம பிரிச்செடுத்திருக்கா. மண்ணோட விசேஷம்னு நெனைக்கறேன். அடுத்த மாசம் பெரிய விஞ்ஞானிகள்லாம் கூடற சபையில இதை வாசிக்கப்போறா" என்றார். மாப்பிள்ளை, எனக்குத் தலை கூரையில் முட்டியது. வடகரப்பதி மண்! அந்தச் சபையில் நம் ஊர்ப் பெயர்!

அப்போதுதான் மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தேன். என் கடை மூட்டை. மொச்சை பளபளவென்று மின்னியது. யுனிவர்சிட்டிக்குப் போகிற சரக்கு மங்கலாக இருக்கக்கூடாதென்று, குடோன் ஆறுமுகசாமியிடம் சொல்லி ஒவ்வொரு மூட்டைக்கும் வீட்டில் ஆமணக்கு ஆட்டிய விளக்கெண்ணெயைத் தடவி அனுப்பினவன் நானல்லவா? பூச்சிமருந்து போட்டீர்களா என்று அவள் முன்பே கேட்டு எழுதியிருந்தாள், இல்லை என்று பதில் போட்டேன். எண்ணெய் மருந்தா என்ன?

வாயை மூடிக்கொண்டிருந்தால் மண்ணுக்குப் பெருமை, எனக்கும் பெருமை. வரி ஆபீசர் நின்றாலும் வாய் திறக்காதவன் நான். ஆனால் அந்தப் பிள்ளை குளிரில் விறைத்த விரல்களோடு நிற்கிறது. சொல்லிவிட்டேன்.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சரஸ்வதி கத்தவில்லை. "அப்ப இது ஆமணக்குக்கொட்டைப் புரதமுங்கப்பா" என்றாள். எண்ணெய் படாத மொச்சை ஒரு மூட்டையை நம் ஊரிலேயே வேறு கடையில் வாங்கி அனுப்பச் சொன்னாள். பெரிய நோட்டைத் திறந்து தேதி, மணி போட்டு, "விளக்கெண்ணெய். தகவல்: அப்பா" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். என் வாழ்நாளில் சொந்தத் தப்புக்கு நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். தப்பை மறைக்காமல் தேதியோடு எழுதி வைக்கிற தொழில் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நம் கடைத்தெருவில் ஒருத்தனும் இதைச் செய்யமாட்டான்.

எட்டு மாத உழைப்பைப் பாழாக்கினவன் எந்த முகத்தோடு "கெளம்பு கண்ணு, கல்யாணத்துக்கு" என்பேன்? "இருந்து முடிச்சுப்போட்டு வா" என்றேன். "மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டேன். கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள்.

தங்கைக்கு என் அன்பு. மாரப்பனுக்குப் பொறுமையும், உங்கள் வயலுக்கு மழையும், உங்கள் எருமைகளுக்குப் பாலும் அந்த மாரியாத்தா கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
குப்பண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் மாரப்பனே சைக்கிளில் வந்து இறங்கிவிட்டான். சரஸ்வதி அவனுக்கு எனக்கு முன்னாலேயே எல்லாம் எழுதிவிட்டாளாம். "ஏனுங்க மாமா, தாலி கட்டீட்டுப் போனா அந்தக் கொழாய் சொட்டாதுங்களா?" என்கிறான். "கட்டின பொண்டாட்டிய ரெண்டு வருசம் அங்க விட்டுப்போட்டு இருப்பியா?" என்றேன். "நானென்னுங்க அவகூட உக்காந்து சொட்டு எண்ணப்போறனா? எனக்கு நடவு கெடக்குது" என்றான். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்தது இது: முகூர்த்தம் தையிலேயே. நாலாம் நாள் பெண்ணுக்குப் பெங்களூர் ரயில். பட்டம் வாங்கும்வரை யாரும் திரும்பக் கூப்பிடக்கூடாது. மாதம் ஒரு ஞாயிறு மாப்பிள்ளைப் பையன் அங்கே போய்வருவான், ரயில் டிக்கெட் சத்தம் என்னுடையது. சீர், நகை, வண்டி என்று உங்கள் பக்கத்தார் எதுவும் கேட்பதில்லை.