மாமனாரின் முப்பத்தெட்டு

கொரோனா ஊரில் பாதிப் பேரை அரை டாக்டர் ஆக்கிவிட்டுப் போனது. என்னை மட்டும் முழு டாக்டராகவே ஆக்கிவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கீரமங்கலத்தில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த மருத்துவ ஞானம் வரக் காரணம், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை அப்போது வாங்கியிருந்ததுதான். தெருவில் என்னிடம் விரலை நீட்டாதவர் இல்லை. தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டினால் "போய்ச் சாப்பிடுங்க" என்பேன். கீழே இறங்கினால் "ம்..." என்று இழுப்பேன். (அந்த 'ம்' கேட்டே சிலருக்குக் காய்ச்சல் வந்ததாகச் சொல்வார்கள்.)

இப்படி நான் கொடிகட்டிப் பறந்து ஓய்ந்த பிறகு, போன வருடம் ஒரு காலையில், மல்லிகைக் கொல்லையில் பூப்பறித்துக்கொண்டிருந்த என் மாமனாரைப் பாம்பு கடித்துவிட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு இமை தொங்கிவிட்டது, நாக்கு குழறியது. உடனே தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் மாட்டிவிட்டார்கள்.

"விஷம் நரம்பைப் புடிச்சிருக்கு. மருந்து கேக்குற வரைக்கும் மெஷின்தான் அவருக்கு மூச்சு விடும்" என்றார் டாக்டர்.

"எங்கப்பா பொழைச்சுருவாருங்களா?" என்று கேட்டாள் என் மனைவி செல்வி.

"இன்னைக்குப் பொழுது போகட்டும்மா, பாப்போம்."

எனக்கும் மாமாவுக்கும் பேச்சு குறைவு. ஆனாலும் என் அப்பா போன பிறகு, என்னைப் பார்த்ததும் "சாப்ட்டீங்களா மாப்ள" என்று கேட்க அவர் ஒருவர்தான் இருந்தார். அவரையும் இழக்கப்போகிறோம் என்ற பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தோடு கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். பெரிய மானிட்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் வாய்க் குழாயிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று கிளம்பி, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டியில் பெரிதாக ஓர் எண் தெரிந்தது: முப்பத்தெட்டு.

தொண்ணூறு இருந்தாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னவன் நான். முப்பத்தெட்டு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

ஆவுடையார்கோவிலில் இருக்கும் சின்ன மாமாவுக்குப் போன் போட்டேன். "ஆக்சிஜன் முப்பத்தெட்டுதான் இருக்கு. இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். அவர் உடனே வேன் பேசிவிட்டார், ஐஸ் பெட்டிக்கும் சொல்லிவிட்டார். அடுத்து, கடைக் கூட்டாளி சகாயத்துக்குப் போன். ஊரில் யார் இறந்தாலும் ஒரு மணி நேரத்தில் பேனர் நிற்க வேண்டும் என்பது எங்கள் கடையின் கொள்கை. சொந்த மாமனாருக்குத் தாமதமானால் நாளைக்கு ஊரில் தலைகாட்ட முடியுமா? (புத்தி எப்படிப் போயிருக்கிறது பாருங்கள்.)

"சகாயம், மாமாவோட அறுபதாம் கல்யாணத்துப் படம் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

"இருக்குண்ணே. ஆயிருச்சா?"

"இன்னும் இல்ல. ஆனா... நீ லேஅவுட்ட மட்டும்..." என்று தொடங்கியவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேற்கொண்டு பேச முடியவில்லை. சகாயம் என் அழுகையையே பதிலாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் பெட்டியில் முப்பத்தாறு. "இறங்குது செல்வி" என்றேன். அவள் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"இங்கிட்டு யாருங்க அழுகுறது? என்ன ஆச்சு?"

"ஆக்சிஜன் முப்பத்தாறுக்கு வந்துருச்சுங்களே சிஸ்டர்" என்றேன் நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நர்ஸ் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அது ஆக்சிஜன் இல்லைங்க. அவரு வெளிய விடுற கரியமில வாயு. முப்பத்தஞ்சுலேருந்து நாப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும், இருக்கு. எண்ணுக்குப் பக்கத்துல மேடு மேடா ஒரு கோடு ஓடுது பாருங்க, ஒவ்வொரு மேடும் ஒரு மூச்சு. குழாய் சரியான எடத்துல இருக்கு, காத்து ஒழுங்காப் போயிட்டு வருதுன்னு அர்த்தம். அது படுத்துருச்சுன்னாதான் நாங்க பயப்படணும். ஆக்சிஜன் தொண்ணூத்தொம்போது இருக்கு."

செல்வி அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எங்கப்பா மூச்சு விடுறதப் பாத்துட்டா போயிட்டாருன்னு சொன்னீங்க?"

அதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் வேன் வந்து நின்றது. சின்ன மாமா மாலையோடு இறங்கினார். அதே நேரத்தில் என் போனுக்கு சகாயம் ஒரு படம் அனுப்பியிருந்தார். கீரமங்கலம் முக்கத்தில், பட்டு வேட்டியில் சிரித்தபடி மாமா. மேலே 'கண்ணீர் அஞ்சலி', பக்கத்தில் அன்றைய தேதி, கீழே 'மீளாத் துயரில் மருமகன்', அதற்கும் கீழே வழக்கம்போல எங்கள் கடை விளம்பரம். பூ மார்க்கெட்டில் நாலைந்து கடைகளை அடைத்துவிட்டார்களாம். மாமா வீட்டு வாசலில் ஐஸ் பெட்டிக்காரர் நின்று, பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று என் மாமியாரிடமே கேட்டிருக்கிறார். மாமியார் அவரைத் துடைப்பத்தால் வழியனுப்பி வைத்திருக்கிறார்.

பேனரை இறக்கச் சொல்லிவிட்டு, சொந்தபந்தங்கள் கண்ணில் படாமல் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். இதெல்லாம் வெறும் முட்டாள்தனமாக மட்டும் முடிய வேண்டுமே, நிஜமாகிவிடக் கூடாதே என்று வேண்டாத சாமியில்லை.

மறுநாள் காலையில் நர்ஸ் எங்களை உள்ளே கூப்பிட்டார். "டாக்டர் மாப்பிள்ளையும் வாங்க" என்றார். (பெயர் வைத்துவிட்டார்கள்.) திரையில் ஓடிய மேடுகளில் ஒன்றைக் காட்டினார். மேலே சமமாக இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம்.

"இது என்னங்க, மெஷின் ரிப்பேருங்களா?" என்று பயந்தபடி கேட்டேன்.

"இல்லைங்க. மெஷின் விடுற மூச்சுக்கு நடுவுல அவரே மூச்சு இழுத்துப் பாக்குறாரு. மருந்து கேக்குது."

செல்வி அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். (இல்லையாம். பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லையாம்.) அன்று முழுக்க நாங்கள் மாறி மாறிக் கண்ணாடி வழியாகப் பள்ளங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அவை பெருகிக்கொண்டே போக, எனக்கு யாரோ சீர்வரிசை கொண்டு வருவதுபோல் இருந்தது. அதற்கடுத்த நாள் குழாயை எடுத்தார்கள். மாமா கண்ணைத் திறந்து, உடைந்த குரலில் முதலில் கேட்டது, "மாப்ள சாப்ட்டாரா?"

வீட்டுக்கு வந்ததும், எல்லோரும் மறைத்து வைத்திருந்த ஃப்ளெக்ஸை அவரே கேட்டு வாங்கி விரித்துப் பார்த்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் வந்துருக்கு" என்றார். அன்றிலிருந்து பூப்பறித்துக் கொட்ட அதைத்தான் கொல்லைக்கு எடுத்துப்போகிறார். எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும், "சத்தம் போடாத, மாப்ள பேனர் கட்டிருவாரு" என்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

போன வாரம் மாமா கடைக்கே வந்துவிட்டார். கக்கத்தில் சுருட்டிய ஃப்ளெக்ஸ்.

"மாப்ள, இது ஓரமெல்லாம் கிழிஞ்சு போச்சு. புதுசா ஒண்ணு அடிச்சுக் குடுங்க. படம் இதே இருக்கட்டும்."

"எழுத்து மாமா?"

"அதுவும் இருக்கட்டும். தேதிய மட்டும் போடாம விட்ருங்க. ஒண்ணும் அவசரமில்ல."