சம்மதம் சொன்னவரைத் தடை செய்த விவரம்

திருச்சுழி

அன்புள்ள மாப்பிள்ளை ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு, மாமா மொக்கையன் எழுதுவது. இங்கே மழையைத் தவிர அனைவரும் வந்து போய்க்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் செல்வலட்சுமியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனைத் தொடவே கூச்சமாக இருப்பதால் இதைத் தபாலில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது, மோசடிச் செய்தியை அடையாளம் காண நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நான் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்து வருகிறேன். தெரியாத எண், எதிர்பாராத நல்ல சேதி, உடனே என்ற அவசரம், விவரம் கேட்பது, தொடச் சொல்லும் நீல எழுத்து, இவை இருந்தால் அழி, தடை செய், நாலு பேரிடம் சொல். இப்படித்தான் எனக்குக் குலுக்கலில் விழுந்த காரை அழித்தேன். அந்தத் தெம்பில் இருந்தபோதுதான் பிருந்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல பையன், பிருந்தாவும் தலையாட்டிவிட்டாள். அவர்கள் வழக்கப்படி சம்மதத்தைத் தகப்பனார் சொல்லக் கூடாதாம், தாய்மாமன் வாயால்தான் வர வேண்டுமாம். பையனின் தாய்மாமன் ராஜகுரு, அருப்புக்கோட்டையில் தறி வைத்திருப்பவர், அன்று வரவில்லை. அவர் எண் என்னிடம் இல்லை. மறுநாள் ஒரு செய்தி வந்தது. 'எங்களுக்குப் பூரண சம்மதம். பெண்ணின் முழுப்பெயர், வீட்டு முகவரி உடனே அனுப்பவும். மண்டபத்தைப் பார்க்கக் கீழே தொடவும்.' பெயர் போடவில்லை, படத்தில் முருகன் இருந்தார். நீங்கள் சொன்ன அடையாளத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை, மாப்பிள்ளை. இத்தனை சுத்தமான மோசடியை நான் அதுவரை பார்த்ததில்லை. 'ஏலே, ஆள் தெரியாம வந்துட்ட. என் மகளுக்குச் சம்மதம் சொல்ல நீ யாருலே?' என்று பதில் போட்டுத் தடை செய்தேன். அதோடு விட்டிருக்கலாம். நாலு பேரிடம் சொல்லச் சொல்லியிருந்தீர்களே என்று பருத்தி விவசாயிகள் குரூப்பில் அந்த எண்ணை எச்சரிக்கையோடு போட்டேன். மழை இல்லாத ஊரில் ஆட்களுக்கு வேலையும் இல்லை. ஆளுக்கொரு தடவை கூப்பிட்டு ராஜகுருவுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பாண்டிராஜ் மட்டும் மரியாதையாக, உழைத்துச் சாப்பிடும்படி கேட்டுக்கொண்டாராம்.

தரகர் பால்ச்சாமி மூச்சிரைக்க வந்து சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. வெற்றிலை பாக்கு, பழத்தோடு பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் எழுந்து வந்து, "நாந்தேன் ராஜகுரு. நேர்ல நிக்கேன். இப்பவாவது நம்புறீகளா?" என்றார். நம்பத்தான் நினைத்தேன். ஆனால் எதையும் வேறு வழியில் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னவர் நீங்கள். ஆகவே பக்கத்துத் தறியில் பாவு நூல் போட்டுக்கொண்டிருந்தவரிடம், இவுக ராஜகுருதானா என்று கேட்டேன். அவர், "இவுகதான். நல்லவுகன்னுதான் நெனச்சிருந்தோம். ஒங்க குரூப்பப் பாத்த பெறகுதான் எங்களுக்கே கொஞ்சம் சந்தேகமா இருக்கு" என்றார். ராஜகுரு பழத்தட்டைத் தொடவில்லை. "தாய்மாமன் வாக்கு ஒருக்காத்தான் வரும். அழிச்சது நீங்க. போயிட்டு வாங்க" என்று தறிக்குத் திரும்பிவிட்டார்.

பிருந்தா சாப்பிடுகிறாள், பேசுவதில்லை. இந்தச் சம்பந்தம் என் விரலால் கெட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்கு ஒன்றும் புரியவில்லை, மாப்பிள்ளை. யோசித்துப் பார்த்தால் வாழ்க்கையில் நல்ல சேதி எல்லாமே தெரியாத எண்ணிலிருந்துதான் வருகிறது. தெரிந்த எண்களிலிருந்து காலை வணக்கம் மட்டும்தான் வருகிறது. பெரியமனசு பண்ணி நீங்க ராஜகுருகிட்ட ஒரு வார்த்தை பேசணும். உங்களை மாதிரி படிச்சவுக சொன்னா கேப்பாக. வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளையாவது விவரமாக வாய்த்தது நான் செய்த புண்ணியம். நம் குலசாமி உங்களையும் செல்வலட்சுமியையும், கையிலிருக்கும் போனையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா மொக்கையன்

பி.கு.: உறையில் முகவரி எழுதக் கொடுத்த இடத்தில் பிருந்தா இதைப் படித்துவிட்டாள். ராஜகுரு நேற்றே இறங்கி வந்துவிட்டாராம், வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்களாம். யார் சொன்னது என்றேன். பையனே போனில் சொன்னாராம். தெரியாத நம்பரை எடுக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றேன். "தெரிஞ்ச நம்பருதாம்ப்பா. போன வருசத்துல இருந்தே தெரியும். கோயம்புத்தூர் மச்சான்தான் குடுத்தாக" என்கிறாள். ஆகவே நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம், இதுவரை பேசியதே போதும். வெளியாள் ஏமாற்றினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தீர்கள். வீட்டு மாப்பிள்ளையே ஏமாற்றினால் எதை அழுத்த வேண்டும் என்பதை வெள்ளிக்கிழமை நேரில் வந்து காட்டவும்.