பெருவிரல்களுக்கு ஒரு விருந்து

எத்தனை சஹன் சொல்வது என்பதுதான் கலீலுர் றஹ்மானின் சிக்கல்.

சஹன் என்ற ஒரு பெரிய சோற்றுத் தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். லிங்க்ட்இன்னில் அவரை வாழ்த்தியவர்கள் எழுபதுக்கு மேல். ஆனால் றொட்டர்டாமிலிருந்து வாழ்த்திய கப்டன் பாயில் சம்மணம் கட்டி உட்காருவாரா என்பது தெரியவில்லை.

"ஆக்களைச் சரியாச் சொல்லுங்க, நானா," என்றாள் சமையல்காரி பஸ்மியா, போனில். "எந்த ஊர் ஆக்கள்?"

"கொழும்பு, சிட்டகொங், றொட்டர்டாம்."

பஸ்மியா ஊர்களை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "இனிப்புக்கு வட்டிலப்பமும் வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அவருடைய கடை. கயிறு, நங்கூரம், கப்பல் பெயின்ற், உயிர்காப்பு அங்கி. முன்பெல்லாம் கப்பல்காரர்கள் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து விலை பேசுவார்கள். இப்போது கப்பல்களுக்கு வேண்டியதெல்லாம் கொழும்பிலிருந்து லொறியில் வந்து, கடையைத் தாண்டி நேரே உள்ளே போய்விடுகிறது. மனைவி மௌத்தாகித் தனியான பிறகு அவர் கடைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே படுத்துக்கொண்டார். சில நாட்களில் அவர் வாயிலிருந்து வரும் ஒரே பேச்சு, காணாமற்போன மூக்குக்கண்ணாடியைத் திட்டுவதாக இருக்கும்.

மகள் சனூஸா கட்டாரிலிருந்து கிழமைக்கொரு முறை போன் எடுப்பாள்.

"கடையைப் பூட்டிட்டு இஞ்ச வாங்க, வாப்பா. தனிய இருந்து என்ன செய்றீங்க?"

"யாவாரம்."

"ஆரோட?"

கடைசியில் மகளே ஒரு வழி சொன்னாள். நோன்பு தொடங்குவதற்குள் இணையத்தில் ஒரேயொரு புது வாடிக்கையாளரைப் பிடித்துக் காட்டினால், அவள் இனி இந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள். இல்லாவிட்டால் விமான டிக்கட் வரும். லிங்க்ட்இன் கணக்கையும் அவளேதான் திறந்து கொடுத்தாள்.

தெருவில் பழகுவதுபோலவே அவர் அதிலும் பழகினார். புதிதாக இணைந்த ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்லிப் பிள்ளைகளின் சுகம் விசாரித்தார். தலைமைத்துவம் பற்றி நீளமாக எழுதியிருந்த சிங்கப்பூர் மேலாளர் ஒருவரிடம், பகல் என்ன சாப்பாடு என்று கேட்டார். ஒருவரும் பதில் எழுதவில்லை.

அப்படியிருக்க, ஒரு காலை அந்தத் தளம் தானாகவே ஊருக்கு அறிவித்தது: கலீலுர் றஹ்மான் கடை நடத்தத் தொடங்கி முப்பது வருடம். வாழ்த்துகள் வந்து குவிந்தன. அவை எல்லாம் ஆயத்தமாக இருக்கும் ஒரு சொல்லை அழுத்தி அனுப்பியவை என்பது அவருக்குத் தெரியாது. வெறும் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்தார். வாழ்த்த வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்புவது அவருடைய குடும்பத்தில் இல்லாத பழக்கம்.

உடனே எழுதினார்: வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, எல்லோருக்கும் கடையில் சாப்பாடு.

அதற்கு நூற்றுக்கு மேல் 'லைக்' பெருவிரல்கள் உயர்ந்தன. அவர் பஸ்மியாவுக்கு எடுத்து இருபது சஹன் என்று முடிவாகச் சொன்னார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முனீப்தான் விஷயத்தை உடைத்தான்.

"நானா, அது வாறன் எண்டதில்ல. பார்த்திட்டன் எண்டது."

"பார்த்தவன் என்னத்துக்கு விரலைத் தூக்குறான்?"

"சும்மாதான்."

"நான் ரோட்டால போற ஒருத்தனைச் சாப்பிட வா எண்டு கூப்பிடுறன். அவன் விரலைத் தூக்கிக் காட்டுறான். வருவானா, வரமாட்டானா?"

"சோறு இறக்க முந்தி வந்து நிப்பான்."

"பிறகென்ன?"

"அவன் எங்கட ரோட்டுக்காரன், நானா."

இரவு முழுவதும் யோசித்து, மறுநாள் ஒரு திருத்தம் எழுதினார்: உண்மையாக வருகிறவர்கள் மட்டும் பதில் எழுதவும். இதற்கும் விரல்கள் உயர்ந்தன. யாரோ ஓர் இதயமும் வைத்தார்கள். வியாழக்கிழமைதான் ஒரேயொரு பதில் வந்தது. கொள்முதல் ஆலோசகர் அருள்மலர், பக்கத்து ஊரான உப்புவெளி: "வருகிறேன். வெளிநாட்டிலுள்ள ஒருவருக்காகக் கப்பல் சாமான் வாங்க வேண்டியிருக்கிறது."

கலீலுர் றஹ்மான் எழுந்து நின்று அதை இன்னொரு முறை வாசித்தார். வாடிக்கையாளர்! ஆனால் உட்காருவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. வருகிறவள் இருபது சஹனையும் ஒற்றை மனிதனையும் கண்டால் என்ன நினைப்பாள்? ஆளில்லாக் கடையில் யார் சாமான் வாங்குவார்? அவர் பஸ்மியாவுக்கு எடுத்தார்.

"ஒரு சஹன் போதும், பஸ்மியா."

"ஆடுகளை அறுத்தாச்சு, நானா. திரும்பத் தைக்க ஏலாது."

எனவே வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். அங்கே வாடகை லொறிக்காரர்களும் சுமை ஏற்றுபவர்களும் நாள் முழுவதும் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் இருந்த லொறிக்காரன் ஜக்சன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்கள் ஆரா நடிக்கோணும்?" என்றான்.

"நடிக்கத் தேவையில்ல. நல்ல சேட்டாப் போட்டுட்டு வாங்க. கேட்டா என்ட தொழில் தொடர்புகள் எண்டு சொல்லுங்க."

"கழுத்துப்பட்டி?"

"இருந்தாக் கட்டு."

வெள்ளிக்கிழமை அவர்கள் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். பூசைக்குப் போகும் சேட், கோயிலுக்குக் கட்டும் வேட்டி, தொப்பி, அத்தர். ஜக்சன் தன்னுடைய கல்யாணக் கழுத்துப்பட்டியையே கட்டியிருந்தான். அருள்மலர் வந்தபோது கடை நிறைந்திருந்தது. அவளுக்குக் கதிரை போட்டு, தனித் தட்டில் சோறு வைத்தார்கள்.

"நீங்கள் என்ன துறை?" என்று அவள் ஜக்சனைக் கேட்டாள்.

"போக்குவரத்து, மிஸ்."

"பதவி?"

"முன் சீற்."

கலீலுர் றஹ்மான் அவசரமாகக் குறுக்கிட்டார். "இவர் பகிடிக்காரன். சிட்டகொங் கிளையைப் பார்க்கிறவர்."

"அப்பிடியோ. சிட்டகொங்கில இப்ப மழையோ?"

ஜக்சன் எட்டி வாசலைப் பார்த்தான். "இல்லை மிஸ், நல்ல வெயில்."

பக்கத்தில் இருந்த சிவரூபன் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, "நான் ஏற்றுமதி இறக்குமதி," என்றான். "லொறியில ஏத்துறது, பிறகு இறக்கிறது." மூலையில் யாருக்கோ புரையேறியது. முதுகில் தட்டிய சத்தம் வீதி வரை கேட்டது.

எல்லாம் முடிந்தது என்று கலீலுர் றஹ்மான் நினைத்தார். ஆனால் அருள்மலர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வட்டிலப்பத்தை முடித்து, கையைக் கழுவி, அலுமாரிகளைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தக் கயிறு எல்லாம் எடுக்கிறன். பெயின்ற்றும். அங்கியும் இருக்கிறதெல்லாம் வைச்சுவிடுங்கோ."

"கயிறு என்ன தடிப்பில வேணும், மகள்?"

"எதெண்டாலும் பரவாயில்லை."

"பெயின்ற் நிறம்?"

"உங்களிட்ட இருக்கிற நிறம்."

முப்பது வருடத்தில் இவ்வளவு தொல்லையில்லாத வாடிக்கையாளரை அவர் கண்டதில்லை. இணையத்து வியாபாரம் இப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டார்.

அவள் போன பிறகும் ஆட்கள் உடனே எழும்பவில்லை. சஹனைச் சுற்றி இருந்துகொண்டு துறைமுகத்துக் கதை பேசினார்கள். கலீலுர் றஹ்மான் ஒவ்வொரு சஹனாகப் போய், இன்னும் கொஞ்சம் இறைச்சி வைக்கவா என்று கேட்டார். வயிறு நிறைந்தவர்களையும் கேட்டார். பிறகு ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் அவரும், கழுவி அடுக்கிய சஹன்களும், நெய்ச்சோற்று மணமும் மட்டும் மிஞ்சின.

அவர் கட்டாருக்கு எடுத்தார்.

"மகள், பிடிச்சிட்டன். ஒரு வாடிக்கையாளர். அரைக் கடையைத் தூக்கிக்கொண்டு போறா."

"அப்ப சரி, வாப்பா. டிக்கட் போடல்ல."

"உனக்கென்ன, தொண்டை கட்டியிருக்கு?"

"ஏசிக் குளிரால."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி."

"ஓம் வாப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?"

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, எல்லோருக்கும் பரிமாறிய அவசரத்தில் அவர் சாப்பிடவேயில்லை. "ஆக்களோடதான் சாப்பிட்டன்," என்றார்.

திங்கட்கிழமை காலை ஜக்சனின் லொறி வந்து நின்றது. அருள்மலரே வாடகைக்குப் பேசியிருந்தாள். சிவரூபன் கயிற்றுச் சுருள்களைத் தோளில் கொண்டுவந்து ஏற்ற, கலீலுர் றஹ்மான் ஒவ்வொன்றையும் தட்டிக் கொடுத்து அனுப்பினார். இனி அந்த வெறும் அலுமாரித் தட்டுகளை நிரப்பவேண்டும், கொழும்புக்கு எடுத்துச் சாமான் சொல்லவேண்டும். வேலை இருக்கிறது. அவர் நிமிர்ந்து நின்றார்.

"எங்கயாம் கொண்டுபோற?" என்று கேட்டார். "துறைமுகத்துக்கா, கொழும்புக்கா?"

ஜக்சன் ஓட்டும் சீற்றில் ஏறி, கதவைச் சாத்தி, தலையைச் சொறிந்தான்.

"லிங்கநகரில பூட்டிக் கிடக்கிற உங்கட மகளின்ட வீட்டில இறக்கட்டாம், நானா. அவதான் கட்டாரில இருந்து கோல் எடுத்தவ. உங்களுக்கு மட்டும் சொல்லிப்போட வேண்டாமாம்."