ஆயுள் அனுபோகம்

“ரெண்டு பேருக்கும் ‘ஆயுள் அனுபோகம்’னு எழுதியிருக்கே, யாரு யாரை அனுபவிக்கிறது?”

நசரே தானப் பத்திரத்தின் நகலை மேசைமேல் அறைந்தாள். பதிவு அலுவலகத்தில் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. வாரிசுச் சொத்துக்கும் தானத்துக்குமான வரியை ஜனவரியிலிருந்து மாநில அரசு ஏற்றப்போகிறது என்று வானொலி சொன்ன நாளிலிருந்து, அந்தச் சின்ன ஊரில் உயிரோடு இருந்த எல்லோருக்கும் தங்கள் சாவைப் பற்றித் திடீரென்று அக்கறை வந்திருந்தது.

“வீட்டைத்தான் அக்கா அனுபவிக்கிறது,” என்றாள் எழுத்தர் துர்வலினா. “வீடு உங்க மக பேருக்குப் போயிடும். ஆனா கடைசிவரைக்கும் அதுல குடியிருக்கிற உரிமை உங்க ரெண்டு பேருக்கும்.”

“எனக்குச் சரி. இந்த மனுஷனுக்கு எதுக்கு?”

இந்த மனுஷனாகிய பெல்மீரு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையோ சொல்கிறாள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

பதினோரு வருடங்களுக்கு முன் நீதிமன்றத்தில் இருவருக்கும் விவாகரத்தாகியிருந்தது. அன்று மாலையே பெல்மீரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினார். சரியாகப் பதினான்கு அடி நடந்து, கொல்லையில் தானே கட்டியிருந்த ஒற்றை அறையில் குடியேறினார். வீட்டில் பாதி அவருடையது. விற்றுப் பிரிக்க யாருக்கும் மனமில்லை. தினமும் காலையில் சமையலறை ஜன்னல் வழியாக அவருக்குக் காப்பி போகும். காப்பி மட்டும்தான், பேச்சு கிடையாது என்பது நசரேயின் சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றியே இருவரும் தினம் அரைமணி நேரம் பேசினார்கள்.

“பாதி என்னோடது,” என்றார் பெல்மீரு. “குடியிருக்கிற உரிமை இல்லேன்னா கையெழுத்துப் போடமாட்டேன்.”

“சரி, உரிமையை வச்சிக்க. கொல்லை ரூம்ல மட்டும்! என் வாசப்படி தாண்டக் கூடாது!”

“அப்போ பிரிச்சு அளந்து, வரைபடம் வைக்கணும்,” என்றாள் துர்வலினா. “விவாகரத்தானவங்கன்னா ஆளுக்கொரு பாகம். முப்பதாம் தேதிக்குள்ள கொண்டு வாங்க. அதுக்கப்புறம் புது வரிதான்.”

புது வரியைக் கட்ட மகள் லுசிமாராவால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், இரண்டு பிள்ளைகள். வரி கட்டுவதற்காகவே வீட்டை விற்க வேண்டியிருக்கும்.

வரைபடம் போட வந்தவர் நாடாவைப் பிடித்து அளந்தார், நகராட்சிக் காகிதத்தைப் பார்த்தார், மறுபடி அளந்தார்.

“இந்த ரூம் கணக்குலயே இல்லையேம்மா. இதைச் சேர்த்தா வீட்டு மதிப்பு ஏறும். பழைய வரியே கூடிப்போயிடும்.”

“சேர்க்கலேன்னா?”

“ஆள் இருக்கிற ரூமைச் சேர்க்காம விட முடியாது. கோழிக்கொட்டகைன்னா விடலாம். எதுக்கும் நகராட்சியிலிருந்து ஒருத்தர் வந்து பாப்பாரு.”

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நசரே பக்கத்து வீட்டில் ஆறு கோழிகளை இரவல் வாங்கிவிட்டாள்.

“நான் எங்கே போறது?” என்றார் பெல்மீரு, இரண்டு கக்கத்திலும் கோழியோடு.

“முன் ரூம் சோபாவுல படு. நாலே நாளு. சந்தோஷப்பட்டுக்காத.”

“யாரு சந்தோஷப்பட்டா?” என்றார் பெல்மீரு, சோபாவுக்குத் தலையணை தேடியபடி.

முதல் நாள் சமையலறைக் குழாயின் ஒழுகல் நின்றது. இரண்டாம் நாள் கதவு கிரீச்சிடுவதை நிறுத்தியது. ஜன்னலுக்கு வெளியே ஆளில்லாததால் காப்பியை மேசையிலேயே வைக்க வேண்டியிருந்தது. மேசையில் வைத்த காப்பியோடு கடித்துக்கொள்ள, மாவில் சுட்ட சீஸ் உருண்டையும் வைக்காவிட்டால் நன்றாயிருக்காது என்று நசரேக்குத் தோன்றியது. சீஸ் உருண்டைக்காக மட்டும்தான் தானும் எதிரில் உட்கார்வதாக அவள் மகளிடம் தொலைபேசியில் விளக்கினாள். லுசிமாரா ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் நகராட்சிக்காரர் வந்தார். கொல்லை அறையில், பூ வேலைப்பாடு செய்த தலையணைமேல் ஒரு கோழி அமர்ந்திருந்தது. மூலையில் தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. பெல்மீரு அணைக்க மறந்திருந்தார்.

“கோழிக்கு டிவியா?”

“மேட்ச் பாத்தா நல்லா முட்டை போடும்,” என்றாள் நசரே.

“படுக்கை?”

“முட்டை உடையாம இருக்க.”

“மின்விசிறிகூட இருக்கே!”

“நல்ல சாதிக் கோழிங்க சார். வெயில் தாங்காது.”

அவர் பிரமித்துப்போய் ஏதோ எழுதி, கிழித்துக் கையில் கொடுத்தார். அவர் போனபின் பெல்மீரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“‘நவீன வசதிகளுடன் கூடிய வணிகக் கோழிப்பண்ணை.’ நசரே, இனிமே நாம தொழிலதிபருங்க. வரியும் அதுக்குத் தக்கபடிதான்.”

“எல்லாம் உன் பாழாப்போன மேட்சாலதான்!”

“நல்ல சாதிக் கோழின்னு நானா சொன்னேன்?”

முப்பதாம் தேதி. கோழிப்பண்ணைச் சீட்டையும் பாகம் பிரிக்காத வரைபடத்தையும் நீட்டியபோது நசரேயின் கண்கள் கலங்கியிருந்தன.

“துர்வலினா, ஏதாவது பண்ணும்மா. என் மக வீடில்லாம நிப்பா.” சட்டென்று குரல் இறங்கியது. “இந்த மனுஷனும்தான். வயசான காலத்துல எங்கே போவான்?”

பெல்மீரு தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருங்கக்கா. இந்தச் சீட்டுக்கு அப்பீல் எழுதிக்கலாம். முதல்ல உங்க கல்யாணப் பதிவோட புது நகலை எடுக்கறேன்.” துர்வலினா உள்ளே போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். பெல்மீரு எழுந்தார். “மழை வர்ற மாதிரி இருக்கு, நான் வெளியே...” என்றார்.

“உக்காருய்யா!” என்றாள் நசரே.

துர்வலினா திரும்பி வந்து கடகடவென்று தட்டச்சு செய்தாள். “நல்லதாப் போச்சு. பிரிச்சு அளக்கவே வேண்டாம். வரைபடம் வேண்டாம், ரூம் பிரச்சினையும் இல்ல. பழைய நகராட்சிக் காகிதமே போதும். கணவன் மனைவி, கூட்டு அனுபோகம், ஒரே பத்திரம். கையெழுத்துப் போடுங்க.”

“கணவன் மனைவியா? எங்களுக்குத்தான் விவாகரத்தாகிப் பதினோரு வருஷமாச்சே!”

“கோர்ட்டுல ஆச்சு. உத்தரவை இங்கே கொண்டுவந்து பதியலையேக்கா. பதிவேட்டுல நீங்க இன்னும் புருஷன் பொண்டாட்டிதான். வக்கீல் அந்த உத்தரவுக் கவரை யாருகிட்ட கொடுத்தாரு?”

நசரே மெதுவாகத் திரும்பினாள். பெல்மீருவின் காதுகள் சிவந்திருந்தன.

“யோவ்... மறந்துட்டியா?”

“மறக்கிறதாவது!” என்றாள் துர்வலினா, பேனாவை நீட்டியபடி. “வருஷா வருஷம் ஒரு கவரோட வந்து வரிசையில நிப்பாரு, அது என்னன்னு இப்பத்தான் புரியுது. தன் முறை வந்ததும், ‘பின்னாடி நிக்கிறவங்க முதல்ல முடிச்சுக்கட்டும்மா’ன்னுட்டு வீட்டுக்குப் போயிடுவாரு.”