கதவு அங்கிள் சொல்லிக் கொடுக்காத பாடம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒரு கதவை மட்டும் வைத்துக்கொண்டு வாத்தியார் வேலை பார்த்த ஆள் கதவு அங்கிளைத் தவிர வேறு யாரும் அகப்பட மாட்டார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களில் யாரும் கேட்டதில்லை.

எண்பதுகளில் நடந்தது இது. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிள்ளானை ஒட்டிய எங்கள் கிராமத்தில், அதாவது கம்பத்தில், வேலையில்லாத பையன்களும், வீடு வீடாகப் பாத்திரம் கழுவிய அக்காமார்களும் நிறையப் பேர். எல்லாரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்க வேண்டும், லாபத்தில் ஒரு பங்கைக் கம்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு பயிற்சி நடத்த வந்தது. விற்பனைப் பாடம் எடுக்க கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தவர்தான் அங்கிள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் கம்பத்து வெயிலில் டை கட்டிக்கொண்டு நடந்தவர் வேறு யாருமில்லை.

முதல் நாள் லோரியில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு கதவும் இறங்கியது. நிலையோடு கூடிய பழைய பலகைக் கதவு. அதைப் பயிற்சி நடந்த மண்டபத்தின் நட்டநடுவில் நிறுத்தினார். ஆடியது. அமைப்பு கொடுத்த பாடப் புத்தகத்தை அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. அந்தப் புத்தகத்தால் எங்களுக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்த் தட்டி, கையில் இருப்பதை அவரிடம் விற்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிச் சாத்துவது அவர் வேலை. சுற்றிலும் சுவர் கிடையாது. அவர் காலாட்டுவதுகூட எங்களுக்குத் தெரியும். ஆனாலும் தட்டித்தான் ஆக வேண்டும்.

முதலில் லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டார். புருஷனை இழந்து, மூன்று வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றியவர். அக்கா தேங்காய்ப்பால் சோறு, சம்பல், முட்டை வைத்துக் கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தோடு எழுந்தார். நேராகக் கதவைச் சுற்றிக்கொண்டு போய் அங்கிளின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இங்கை என்ன செய்யிறீங்கள் பிள்ளை? கதவு அங்கையெல்லோ இருக்கு."

"பதினஞ்சு வருசமா எல்லா வீட்டுலயும் பின்வாசல் வழியாத்தான் அங்கிள் போறேன். முன்வாசல்ல தட்டிப் பழக்கமில்ல."

சிரிப்பு அடங்கிவிட்டது. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் துடைத்தார்.

"இனி நீங்கள் நூறுதரம் முன்னாலை வந்து தட்டுங்கோ. நான் நூறுதரம் வேண்டாமெண்டு சொல்லுறன்."

சொன்னபடி செய்தார் மனுஷன். வயிறு சரியில்லை என்பார், முட்டை ஆகாது என்பார். கல்யாணமே ஆகாதவர், "மனுசி வாங்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டா" என்று கூசாமல் புளுகுவார். நான் விற்கப் போன சோப்பை மோந்து பார்த்துவிட்டு, "நான் குளிக்கிறேல்லை" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை ஓங்கி உதைத்தேன். நிலையோடு சாய்ந்து அவர் மேலேயே விழுந்தது. பலகைக்கு அடியிலிருந்தும் "வேண்டாம்" என்றுதான் குரல் வந்தது.

லெட்சுமி அக்காவுக்கு இது விளையாட்டில்லை. மூத்த மகள் பள்ளியில் ஃபாரம் மூன்று, பதினைந்து வயது, நன்றாகப் படிக்கிற பெண். நிலையான வருமானம் எதுவும் வராததால் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஃபேக்டரி வேலைக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்குக் காலைப் பசியாறல் சமைத்துக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று சேதி வந்தது.

மறுநாள் காலை அக்காவும் நானும் அங்கிளும் பொட்டலத்தோடு பஸ் ஏறினோம். அங்கிள் பஸ் நிறுத்தத்தோடு நின்றுகொண்டார். "நான் வந்தா நானே கதைச்சுப்போடுவன். நீங்கள் போங்கோ."

சாப்பாட்டு ஆட்கள் பின்கேட்டுக்குப் போகச் சொல்லிக் காவலாளி கை காட்டினார். அக்கா நகரவில்லை. "மேனேஜரைப் பாக்க வந்திருக்கேன்" என்று அங்கேயே நின்றார். உள்ளே விட்டார்கள்.

மேனேஜர் ஒரு சீனர். பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் சாப்பிட்டார். "போலே லா, சரி. திங்கட்கிழமை தொடங்கு" என்று மலாயில் சொல்லிவிட்டார். காரியம் முடிந்தது. அக்காவுக்குத்தான் முடியவில்லை.

"கொஞ்சம் கேளுங்க பாஸ். வயிறு சரியில்லன்னா சம்பல் கொறச்சுத் தரேன். முட்டை ஆகாதுன்னா நெத்திலி கூட வைக்கிறேன்" என்று தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் மூச்சு விடாமல் போனார். "உங்க ஒய்ஃப் வேணாம்னு சொன்னா, நானே வந்து அவங்ககிட்ட பேசுறேன்."

மேனேஜர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "என் மனைவியை இவருக்கு எப்படித் தெரியும்?"

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கிள் வெயிலில் வெந்துகொண்டு நின்றார்.

"சரின்னு சொல்லிட்டாரு அங்கிள். அக்காதான் அவர விடல."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேணாம்னா என்ன சொல்லணும்னு நூறு தடவ சொல்லிக் குடுத்தீங்க. சரின்னு சொன்னா என்ன செய்யணும்னு ஒரு வார்த்த சொல்லலயே."

அங்கிள் டையைத் தடவினார். "எனக்கும் தெரியாது பிள்ளை. என்னட்டை ஒருத்தரும் சரியெண்டு சொன்னதில்லை."

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்; கூட்டத்தில் வேறு இடமில்லாமல் அங்கிள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூத்தவ திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போறா" என்று வெளியே பார்த்துச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து சமைத்த உடம்பு. அப்படியே கண் அசந்து, தலை அங்கிளின் தோளில் சாய்ந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் உட்காரவே கூச்சப்படுகிற மனிதர் விறைத்துப் போனார். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் தேங்காய் எண்ணெய் மெல்லப் பரவியது.

எங்கள் கம்பம் வந்தது. மணியை அடிக்கக் கையைத் தூக்கினேன். அங்கிள் கண்ணாலேயே தடுத்தார்.

"விடுங்கோ பிள்ளை. நித்திரை கொள்ளட்டும்."

கம்பத்தைத் தாண்டி, கிள்ளான் பஸ் நிலையம் போய்ச் சேரும்வரை அந்தத் தோள் அசையவில்லை. நான் பின்சீட்டில் உட்கார்ந்து, இந்த மனுஷன் நூறு வயசு இருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.