அரியாலைக்கு வந்த கருத்திட்டக் கிடாய்

அரியாலைக் கிழக்கில், கடல்நீரேரிக் கரையோரப் புல்வெளியில், றெஜினாவுக்குப் பதினான்கு பெண் செம்மறிகளும், அதாவது மறிகளும், ஒரு கறுத்தக் கிடாயும் இருந்தன. குருநகரில் வலைகளுக்கு நடுவே பிறந்தவள், கலியாணம் கட்டி அரியாலைக்கு வந்து ஆடுகளுக்கு நடுவே நின்றுவிட்டாள். புருஷன் கட்டாரில். ஆடுகள்தான் அவளின் சீவியமும் பெருமையும்.

நல்ல மறிக்குட்டி வேண்டுமென்றால் சண்டிலிப்பாயிலிருந்துகூட ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். எந்தத் தாய் இரட்டைக் குட்டி போட்டது, எது கடும் வெயிலிலும் பால் வற்றாமல் நின்றது, எது மழைக்குள் குட்டியை விட்டிட்டு ஓடாதது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட தாயின் பெண்குட்டியைத்தான் வளர்ப்புக்குக் கொடுப்பாள்.

இவ்வளவு ஒழுங்கான ஒரு காரியம் எந்தவிதச் சுற்றறிக்கையும் இல்லாமல் நடந்துகொண்டிருப்பது ஒரு தை மாதம் கால்நடை அலுவலகத்தின் கவனத்துக்கு வந்தது. அலுவலகம் ஆழ்ந்த கவலை கொண்டது. 'தாய்மறி உற்பத்தி விரைவுபடுத்தல் விசேட அலகு' உடனடியாக நிறுவப்பட்டது. அதன் இணைப்பாளர் அருட்செல்வன், முப்பது வயதும் மூன்று பேனையும் கொண்டவர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அம்மா, நீங்கள் மறிக்குட்டியளை எந்த அடிப்படையிலை தெரிவு செய்யிறியள்?"

"தாயைப் பாத்துத்தான் தம்பி."

"தாயைப் பாத்ததுக்கு ஆவணம் இருக்கோ?"

"தாய் இருக்கு. உங்கை நிக்குது, பாருங்கோ."

அருட்செல்வன் பார்க்கவில்லை. 'ஆவணம் இல்லை' என்று எழுதினார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். இனக்கலப்புக்கு மூன்று வெளிநாட்டு இனங்கள். விரும்பியதற்குச் சரி அடையாளம் இடலாம்.

றெஜினா ஒவ்வொன்றாக விசாரித்தாள். முதலாவது இறைச்சிக்கு. இரண்டாவது பாலுக்கு. மூன்றாவது உரோமத்துக்கு, பனிநாட்டு இனம்.

"இறைச்சிச் சாதியின்ரை மறி எனக்கு என்னத்துக்கு? அது தின்னும், கொழுக்கும், பிள்ளை வளக்கத் தெரியாது. உரோமக்காரன் எங்கடை வெயிலுக்குச் செத்துப்போவான். பால் இனத்தைத் தாருங்கோ."

"நல்ல தெரிவு அம்மா. ஆனால் வாறது மூண்டாவது."

"அப்ப ஏன் என்னைக் கேட்டனீங்கள்?"

"படிவத்திலை மக்கள் பங்களிப்பு எண்டு ஒரு கூடு இருக்கு. அதை நிரப்ப வேணும்."

இன்னொரு கடதாசியும் இருந்தது. கருத்திட்டக் கிடாய், அதாவது திட்டத்தில் வரும் அந்த வெளிநாட்டுக் கிடாய், நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் சுற்றுவட்டத்துக்குள் ஊர்க் கிடாய் எதுவும் இல்லை என்று உறுதி கூற வேண்டும். றெஜினா கையெழுத்து வைக்காமல் இழுத்தாள். அதற்குள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிரசாந்தி பொறுமை இழந்துவிட்டாள்.

"அன்ரி, வைச்சுவிடுங்கோ கையெழுத்தை! வெளிநாட்டுக் கிடாய் எங்கடை ஒழுங்கைக்கு வருதெண்டால் சும்மாவே? எங்கடை ஆட்டிலை என்ன கிடக்கு? பாத்தவுடனை ஊர் ஆடு எண்டு தெரியுது!"

றெஜினா கையெழுத்து வைத்தாள். கறுத்தக் கிடாய் அன்றைக்கே புருஷனின் தமையன் சிமியோனின் மீன்வாடிக் கொட்டிலுக்கு இடம் மாற்றப்பட்டது. வாடி ஒரு மைலுக்கு அப்பால் ஒரு பனை தள்ளி இருந்தது.

சித்திரையில் கருத்திட்டக் கிடாய் வந்தது. ஒழுங்கை முழுக்கத் தோரணம். அளவெட்டியிலிருந்து நாதஸ்வரம். கமராக்காரர் ஒருவரின் ட்ரோன் தலைக்கு மேலே இரைந்துகொண்டிருந்தது. அவர் முதல் நாள்தான் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டை முடித்துக்கொண்டு வந்திருந்தார், அதே பூமாலைகளோடு. அலுவலகத்தின் பணிப்பாளர் துஷாந்தினி அம்மையார் நாடாவை வெட்டி, "இன்று முதல் இப்பிரதேசத்துச் செம்மறிகளின் தாய்மை புதியதோர் யுகத்தில் காலடி எடுத்து வைக்கின்றது" என்று பேசினார்.

கிடாயும் காலடி எடுத்து வைத்தது. கண் மறைக்க உரோமம். இரண்டாவது அடியில் வெயில் பட்டது. மூன்றாவது அடியில் விழுந்தது. நாதஸ்வரக்காரர் அதை ஒரு மரியாதை என்று நினைத்து இன்னும் பலமாக ஊதினார்.

றெஜினாவின் கொட்டிலில் கிடாய்க்கு மின்விசிறி பூட்டப்பட்டது. நிகழ்ச்சி நிரலும் சுவரில் ஒட்டப்பட்டது: தினமும் இரண்டு மறிகள், காலை ஒன்பது தொடக்கம் மாலை நாலேகால் வரை, மதிய இடைவேளை ஒரு மணித்தியாலம், அரச விடுமுறை நாட்கள் நீங்கலாக.

முதல் கிழமை கிடாய் எழும்பவில்லை. இரண்டாம் கிழமை எழும்பி, மறிகளைப் பார்த்து, மின்விசிறிப் பக்கம் திரும்பிப் படுத்தது. றெஜினாவுக்கு இரக்கமாயிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து உரோமத்தை வெட்டிவிட்டாள். உள்ளே இருந்தது ஒரு மெலிந்த, வெட்கப்பட்ட பிராணி. அடுத்த நாளே கடிதம் வந்தது: 'அரச சொத்தொன்றின் பருமனைத் தாங்கள் அனுமதியின்றி அரைவாசியாகக் குறைத்துள்ளமை தொடர்பில் ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்.'

"வெக்கையிலை சாகப் பாத்தது தம்பி" என்றாள் றெஜினா.

"செத்திருந்தால் அதுக்கு ஒரு படிவம் இருக்கு அம்மா. தலைமயிர் வெட்டினதுக்கு ஒண்டும் இல்லையே!" என்று அருட்செல்வன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வைகாசி பிறந்தது. றெஜினாவுக்கு நித்திரை குறைந்தது. இப்போது மறிகள் சினைப்பட்டால்தான் ஐப்பசி மழைப் புல்லுக்குக் குட்டி விழும். இந்த மாதம் தவறினால் ஒரு வருசமே போய்விடும். பதினான்கு தாய்களும் வெறும் வயிற்றோடு நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவள் தடியை எடுத்தாள். பதினான்கையும் ஓட்டிக்கொண்டு ஒரு மைலும் ஒரு பனையும் நடந்தாள்.

வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சிமியோன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன றெஜினா, முழுக் குடும்பமும் இஞ்சாலை?"

"மேய விட வந்தனான் அண்ணை."

"இஞ்சை புல்லு ஒண்டும் இல்லையே."

"எனக்கும் தெரியும். நீங்கள் வலையைப் பாருங்கோ."

சிமியோன் வலையைப் பார்த்தார். கறுத்தக் கிடாய்க்கு நிகழ்ச்சி நிரல் வாசிக்கத் தெரியாது. மதிய இடைவேளையும் எடுக்கவில்லை. வெசாக் விடுமுறையன்றும் கடமையில் நின்றது. இரண்டு கிழமையில் காரியம் முடிந்தது.

மறிகளின் வயிறு பருக்கத் தொடங்கியதும் அலுவலகம் மகிழ்ச்சியில் திளைத்தது. கிடாய் அசையாமலே சாதித்ததால் 'குறைந்த உழைப்பில் நிறைந்த பயன்' என்று அறிக்கை போனது. மறிக்குட்டி கேட்டுப் பதிவு செய்தவர்களின் பட்டியல் நாலு பக்கத்துக்கு நீண்டது. பிரசாந்தி இரண்டு கேட்டிருந்தாள், ஒன்று படம் எடுத்து முகநூலில் போட.

ஐப்பசியில் பதினெட்டுக் குட்டிகள் விழுந்தன. எல்லாம் அருமையான குட்டிகள். எல்லாம் ஊர் ஆட்டின் அச்சு: கறுப்பும் மண்ணிறமும், கட்டையான மயிர், நீண்ட கால். விழுந்த அரை மணித்தியாலத்தில் எழும்பித் துள்ளத் தொடங்கிவிட்டன.

பணிப்பாளர் அம்மையார் நேரில் வந்தார். குட்டிகளைப் பார்த்தார்.

"உரோமம் எங்கே?"

அருட்செல்வன் மூன்றாவது பேனையை எடுத்தார். "வெப்பத்துக்கு இசைவாகி, வெளிப்படாமல் உள்ளே இருக்கு மேடம்."

"நிறம்?"

"அதுவும் உள்ளே."

"இதில் ஏழு கிடாய்க்குட்டி நிற்கின்றதே. கருத்திட்டம் மறிக்குட்டிக்கு மட்டும்தானே?"

"அவை தாமதமாகும் மறிகள் மேடம். அடுத்த காலாண்டிலை பாப்பம்."

றெஜினாவால் பொறுக்க முடியவில்லை. "மேடம், உண்மையைச் சொல்லிப்போடுறன். உது எல்லாம் எங்கடை கறுத்தக் கிடாயின்ரை பிள்ளையள். நான்தான் கொண்டுபோய் விட்டனான்."

அம்மையார் அவளை மிகுந்த கனிவோடு பார்த்தார்.

"அப்படியொரு கிடாய் இல்லை என்று நீங்களே உறுதி தந்திருக்கின்றீர்கள், அம்மா. இல்லாத கிடாய்க்குப் பிள்ளை பிறக்காது."

"நான் கண்ணாலை கண்டனான்!"

"அதுக்கு ஆவணம் இருக்கோ?" என்றார் அருட்செல்வன், மெதுவாக, கெஞ்சுகிற குரலில்.

குட்டி எடுக்க வந்து நின்ற பட்டியல்காரரை அவள் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் அவளை முறைத்துக்கொண்டு நின்றார்கள். "அன்ரி, ஏன் இப்ப தேவையில்லாத கதை?" என்றாள் பிரசாந்தி. "ஊர்க் குட்டி எண்டு சொன்னால் ஆர் வாங்குவினம்? நான் வாங்க மாட்டன்."

இத்தனை வருசமாய்த் தேடி வந்து வாங்கியவர்கள்தான் அவர்கள். அதே தாய்கள், அதே தகப்பன், அதே குட்டிகள். றெஜினாவுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கனத்தது. 'ஐம்பது வீதக் கலப்பு' என்று அச்சடித்த சான்றிதழ்களை அருட்செல்வன் நீட்டினார். முதலாவதில் கையெழுத்து வைக்க அவளுக்குக் கூச்சமாயிருந்தது. ஐந்தாவதில் கூச்சம் குறைந்தது. பதினெட்டாவதில் எழுத்து நன்றாகவே வளைந்து வந்தது. குட்டிகள் ஒரு கிழமையில் விலை பேசி முடிந்தன. இதைப் பார்த்த ஊர் ஆட்டுக்காரர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் ஆடுகளையும் 'கலப்பு' என்று பதிவு செய்ய அலுவலகத்துக்கு ஓடினார்கள். அலுவலகம் ஒருவரையும் ஏமாற்றவில்லை. எல்லாருக்கும் கலப்பு கொடுத்தது, றெஜினாவின் பதினான்கு தாய்களுக்கும் சேர்த்து.

அடுத்த தையில் அருட்செல்வன் திரும்ப வந்தார். முகத்தில் துக்கம்.

"பெரிய அநியாயம் நடந்துபோச்சு அம்மா. எங்கடை பதிவேட்டின்படி இந்தப் பகுதியிலை சுத்தமான ஊர்ச் செம்மறி ஒண்டுகூட மிஞ்சேல்லை. அழிஞ்சுபோச்சு."

றெஜினாவின் பின்னால் தாய்களும் இன்னும் பால் மறக்காத குட்டிகளுமாய் முப்பத்திரண்டு ஊர்ச் செம்மறிகள் ஒரேயடியாகக் கத்தின.

"தம்பி, உவை என்ன பின்னை?"

"கலப்பு. நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள். இனி ஊர்ச் செம்மறியைக் காப்பாத்த ஒரு விசேட கருத்திட்டம். ஐம்பது வருசத்துக்கு முந்தி ஆராய்ச்சிக்கெண்டு எங்கடை ஆடு நாலைஞ்சை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனவையாம். அதுகளின்ரை வாரிசு அங்கை நிக்குதாம். ஒரு கிடாயை விமானத்திலை இறக்கிறம். தரமான தாய்மறியள் வைச்சிருக்கிற ஆக்கள் பதியலாம்."

வேலிக்கு அங்காலிருந்து பிரசாந்தியின் குரல் வந்தது. "என்ன, ஊர் ஆடு வெளியிலையிருந்து வருதோ? அப்ப திறமாய்த்தான் இருக்கும்!" படலை திறந்தது. ஒழுங்கை ஆட்கள் ஒவ்வொருவராய் முற்றத்துக்குள் வரத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அது வரிசையானது. வரிசை வீதிவரைக்கும் போனது.

றெஜினாவுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்றுதான் முன்னால் வந்தாள். வந்த இடத்தில், இந்த வருசம் கடதாசி இல்லாத குட்டியை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கப் போவதில்லை என்ற ஞாபகம் வந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"தள்ளாதேங்கோ!" என்று அவள் முழங்கையால் இடித்தாள். "இது என்ரை வீட்டு முத்தம், நான்தான் முதல் நிண்டனான். தம்பி, என்ரை பேரை முதலாவதாய்ப் போடுங்கோ. ஒண்டு காணாது, ரெண்டு கிடாயாய்ப் போடுங்கோ!"